காற்றின் எடையை உலகுக்குக் காட்டிய பஸ்கால்

மோட்டார் வண்டியின் ரயருக்குக் காற்றடிக்கும்போது நாம் மானியின் முள்ளைப் பார்க்கின்றோம். காற்று இறங்கிப்போன ரயரில் அம்முள் பூச்சியத்தில் நிற்கும். எனினும் ரயரினுள்ளே அமுக்கம் இல்லையென்பது அதன் பொருளன்று. எம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அமுக்கம் அங்கும் உண்டு. அதற்கு மேலதிகமானதையே மானி காட்டுகின்றது. வளிமண்டல அமுக்கத்தை ஐயமற நிலைநாட்டியவர்களுள் ஒருவரான பிளேஸ் பஸ்காலின் வாழ்வை இங்கு நோக்குவோம்.

1623 யூன் 19இல் பிரான்சின் கிளெர்மோன் நகரிற் பிறந்த பஸ்கால், மூன்று வயதிலே தாயை இழந்தார். தந்தையே ஆசானானார். வரி அதிகாரியான தந்தையின் கணக்கு வேலையை இலகுவாக்க, பத்தொன்பது வயதிலே கணிக்கும் பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார். இளமையிலேயே நோய் அவரைப் பற்றிக்கொண்டது.

கவிழ்த்த குழாயில் இரசம் சுமார் 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்பதை இத்தாலியரான ரொறிசெல்லி 1644இல் எழுதி அறிவித்தார். இரசத்தைத் தாங்குவது காற்றின் எடையே என்றால், மலையுச்சியில் அது தாழவேண்டுமெனப் பஸ்கால் கருதினார். பாரிசில் நோயுற்றிருந்த அவர், தமக்கையின் கணவரான புளோரின் பெரியேயிடம் இப்பணியை ஒப்படைத்தார். 1648 செப்டெம்பர் 19இல் பெரியே புய் தெ டோம் மலையில் ஏறினார். உச்சியில் இரசம் 8 சென்ரிமீற்றருக்கு மேல் தாழ்ந்தது. கீழே துறவி ஒருவர் நாள் முழுதும் கவனித்திருந்த மற்றொரு குழாயிலோ மாற்றமேதும் இல்லை. ஆகவே காரணம் காலநிலையன்று, உயரமே என்பது தெளிவாயிற்று.

மானி அமுக்கத்துடன் அவ்விடத்து வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டினால் தனி அமுக்கம் கிடைக்கும். தனி அமுக்கத்திலிருந்து அதனைக் கழித்தால் மானி அமுக்கம் கிடைக்கும். கடல் மட்டத்தில் மானி 220 கிலோபஸ்கால் காட்டினால், 101ஐக் கூட்ட, தனி அமுக்கம் 321 ஆகும். சுமார் 1465 மீற்றர் உயரமான அம்மலையுச்சியிலோ கூட்டவேண்டியது ஏறத்தாழ 85 மாத்திரமே. மானி 100இலிருந்து 200க்கு உயர்ந்தால் அமுக்கம் இருமடங்காயிற்றெனக் கொள்வதும் தவறு; கடல் மட்டத்தில் அது 201இலிருந்து 301க்கே உயர்ந்துள்ளது. வாயுக்கள் பற்றிய கணக்குகளில் இதை மறந்தால் விடை பிழைத்துவிடும்.

1662 ஓகஸ்ட் 19இல், 39ஆம் வயதில், பஸ்கால் பாரிசிற் காலமானார். காற்றின் எடை பற்றிய அவரது நூல் மறு ஆண்டிலேயே அச்சேறியது. 1971இல் அமுக்கத்தின் அனைத்துலக அலகுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. மலையேற இயலாதிருந்த அந்த நோயாளியின் பெயரை, காற்றின் அமுக்கத்தை அளக்கும்போதெல்லாம் நாம் இன்று உச்சரிக்கின்றோம்.