சைதாப்பேட்டைப் பாலம் கட்டிய க்வாஜா பெத்ரூஸ்

தாம்பரத்திலிருந்து நகரத்துக்குச் செல்லும் நம் சகோதரர்கள் பல்லாவரம், பரங்கிமலை, கிண்டி என்று வந்து, சைதாப்பேட்டைக்குச் சற்று முன்னால் அடையாற்றைக் கடக்கிறார்கள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தவர் கண்ணயர்ந்திருப்பார். நிற்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆறு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நாமும் ஓதிக்கொண்டிருந்த காலந்தொட்டு அப்படித்தான் கடந்து வந்திருக்கிறோம். இப்போதுள்ள பாலத்துக்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர். அது 1966-ல் வந்தது. அதற்கு முன்னால் 240 ஆண்டுகள் அந்த ஆற்றின் மேல் வேறொரு பாலம் நின்றது. மாம்பலம் என்ற பெயரை வெள்ளைக்காரர்கள் தங்கள் நாவுக்கு ஏற்றபடி மர்மலாங் என்று திரித்துவிட்டதால், அதை மர்மலாங் பாலம் என்றே நம் பாட்டன்மார் சொல்லிவந்தார்கள். அந்தப் பழைய பாலத்தை அரசாங்கம் கட்டவில்லை, கும்பெனியாரும் கட்டவில்லை. பாரசீகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு வியாபாரி தம் கைப்பொருளைச் செலவழித்து 1726-ல் கட்டினார். அவரது பெயர் க்வாஜா பெத்ரூஸ் உஸ்கான்.

க்வாஜா என்றதும் நம் வாசகர்களில் பலர் அவரை முஸ்லிம் என்று எண்ணிவிடக்கூடும். அப்படியன்று. அவர் அர்மீனியக் கிறிஸ்தவர். பாரசீக மொழியில் க்வாஜா என்பது கண்ணியத்துக்குரிய பெரிய மனிதரைக் குறிக்கும் சொல். பெருவணிகர்களையும் அப்படி அழைப்பது வழக்கம். முஸ்லிம்களின் ஆட்சியில் வாழ்ந்து, பாரசீகம் பேசி, அந்த நாட்டு மரியாதைகளோடு பழகிய அர்மீனியர்கள் அந்தப் பட்டத்தையும் தங்களுடன் கொண்டு வந்தார்கள். பெத்ரூஸ் என்பது அரபியில் நாம் புத்ருஸ் என்று சொல்லும் அதே பெயர்தான்.

இவரது கதையை இவர் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய ஈரானின் வடமேற்கு எல்லையில் அரஸ் என்றொரு நதி ஓடுகிறது. அதன் கரையில் ஜுல்ஃபா என்ற ஊர் இருந்தது. அங்கிருந்த அர்மீனியர்கள் பட்டு வியாபாரத்தில் கைதேர்ந்தவர்கள். துருக்கியின் உஸ்மானிய சுல்தானுக்கும் பாரசீகத்தின் ஷாஹ் அப்பாஸுக்கும் போர் மூண்டபோது, அந்த ஊர் இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. 1604-ல் ஷாஹ் தம் படையோடு பின்வாங்குகையில், எதிரிக்கு ஒரு பிடி தானியமும் ஓர் ஆளும் மிஞ்சக்கூடாது என்று அந்தப் பிரதேசத்து மக்கள் அனைவரையும் கிளப்பிக்கொண்டு போனார். பெண்டு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் அவர்கள் அரஸ் நதியைக் கடக்க வேண்டியிருந்தது. பின்னால் துரத்தி வரும் படை, முன்னால் பெருக்கெடுத்த நதி. பலர் வெள்ளத்தில் போனார்கள். மிஞ்சியவர்கள் திரும்பிப் பார்க்கவும் ஊர் இல்லாமல் ஜுல்ஃபா எரிக்கப்பட்டது.

ஷாஹ் அப்பாஸ் பெரிய அரசர், பள்ளிவாசல்களும் பாலங்களும் கட்டியவர் என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக இந்தச் செயலை மூடி மறைக்க நமக்கு மனம் வரவில்லை. முஸ்லிம் அரசர் செய்தார் என்பதனால் அநியாயம் நியாயமாகிவிடாது. அதே சமயம், பிறகு அவர் செய்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. இஸ்ஃபஹான் நகரத்துக்கு அருகில், ஜாயந்தே நதியின் தென்கரையில் அவர்களுக்கு நிலம் கொடுத்துப் புதிய ஊர் அமைக்கச் செய்தார். இழந்த ஊரின் பெயரையே அவர்கள் அதற்கு வைத்தார்கள்: புதிய ஜுல்ஃபா. அங்கே தங்கள் தேவாலயங்களைக் கட்டிக்கொள்ளவும், தங்கள் சமயப்படி வாழவும் அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. பட்டு ஏற்றுமதியில் பெரும்பங்கு அவர்கள் கைக்கே வந்தது. ஒரே தலைமுறையில் அகதிகள் செல்வந்தரானார்கள்.

அந்த ஊரிலிருந்து அவர்கள் போகாத துறைமுகம் இல்லை. மேற்கே வெனிஸ், லிவோர்னோ, ஆம்ஸ்டர்டாம். கிழக்கே சூரத், சென்னை, வங்காளம், மணிலா. அர்மீனிய மொழியில் பைபிள் முதன்முதலாக அச்சானது கூட அவர்கள் தாயகத்தில் அன்று, ஆம்ஸ்டர்டாமில், 1666-ல்தான். பாரிஸ் நகரத்துக்கும் வியன்னா நகரத்துக்கும் காப்பிக் கடையை அறிமுகம் செய்தவர்களிலும் அர்மீனியர்கள் உண்டு. எங்கே சென்றாலும் அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்வார்கள். அந்த ஊர்ச் சட்டத்துக்கு அடங்கி நடப்பார்கள். ஆனால் கணக்கும் கடிதமும் தங்கள் மொழியில், தங்கள் ஆட்களோடு மட்டும். நம் காயல்பட்டினத்து, கீழக்கரை வியாபாரிகள் கொழும்பிலும் மலாயாவிலும் சென்று கடை வைத்து, வீட்டுக்குக் கடிதமெழுதி வாழ்ந்ததை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பெத்ரூஸ் உஸ்கான் இந்தப் புதிய ஜுல்ஃபாவில் 1680-ஐ ஒட்டிப் பிறந்தார். வசதியான வியாபாரக் குடும்பம். அவரது ஊரையும் இஸ்ஃபஹான் நகரத்தையும் இணைத்தது ஜாயந்தே நதியின் மேலுள்ள முப்பத்து மூன்று வளைவுகள் கொண்ட பாலம். ஷாஹ் அப்பாஸின் தளபதி அல்லாஹ்வெர்தி கான் கட்டிய அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. நதியைக் கடந்ததில் உறவினரை இழந்த சமூகத்தில் பிறந்த பிள்ளை, கால் நனையாமல் நகரத்துக்குப் போய்வந்து வளர்ந்திருக்கிறது. பின்னால் அடையாற்றங்கரையில் அவர் நின்றபோது இந்த இரண்டு நதிகளும் நினைவுக்கு வந்திருக்குமென்பது நம் யூகம்.

வாலிபத்தில் அவர் மணிலா வியாபாரத்தில் இறங்கினார். அன்று மணிலா ஸ்பானியர் கையில் இருந்தது. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் அங்கே அனுமதியில்லை. ஆசியாக்காரர்களின் கப்பல்களுக்கு உண்டு. ஆகவே சென்னையில் ஆங்கிலேயர் ஏற்றிய சரக்குகூட அர்மீனியர் பெயரிலோ முஸ்லிம் மாலுமிகள் பெயரிலோதான் அந்தத் துறைமுகத்துக்குள் நுழையும். சோழமண்டலக் கரையில் நெய்த துணி இங்கிருந்து போகும். மெக்ஸிகோவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் வெள்ளி அங்கிருந்து திரும்பும். இந்த வழியில் உஸ்கான் பெரும் பொருள் ஈட்டினார்.

சென்னையில் அர்மீனியர்களுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. 1688-ல் லண்டனில் க்வாஜா பானோஸ் கலந்தர் என்ற அர்மீனிய வியாபாரி கிழக்கிந்தியக் கும்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். கும்பெனியின் ஊர்களில் அர்மீனியர்கள் ஆங்கிலேயரைப் போலவே வசிக்கலாம், வியாபாரம் செய்யலாம். நாற்பது பேருக்குக் குறையாமல் எங்கே குடியிருந்தாலும் தேவாலயத்துக்கு நிலம் கிடைக்கும். பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகள், ஆண்டுக்கு 50 பவுன் சம்பளமும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. சென்னையில் அவர்களுக்கு 1712-ல் தேவாலயம் ஏற்பட்டது. பிறகு 1772-ல் வேறிடத்தில் கட்டியதே இன்று பாரிமுனையருகே உள்ளது. அந்தத் தெருவை ஜனங்கள் அர்மீனியக்காரர் தெரு என்று சொல்லப்போக, அது நாளடைவில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை!

உஸ்கான் 1720-களின் தொடக்கத்தில் சென்னையில் நிலைகொண்டார். அந்தச் சமயத்தில்தான் அவர் பிறந்த ஊருக்கு மறுபடியும் சோதனை வந்தது. 1722-ல் ஆஃப்கானியப் படை இஸ்ஃபஹானை முற்றுகையிட்டு, புதிய ஜுல்ஃபாவைப் பிடித்துப் பெரும் பணம் பறித்தது. செல்வம் சேர்ந்த வீடுகளெல்லாம் சூறையாயின. நாலு ஆண்டுகள் கழித்து, கடலுக்கு இப்பால், யாரும் கேட்காமலே உஸ்கான் அடையாற்றில் பாலம் கட்டினார்.

அன்று சென்னையிலிருந்து தெற்கே செல்பவர் அடையாற்றில் இறங்கித்தான் போக வேண்டும். கோடையில் சிரமமில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஆறு வந்துவிட்டால் மாட்டுவண்டியும் போகாது, மனிதனும் போகமுடியாது. பரங்கிமலைத் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவரும், பல்லாவரம், தாம்பரம், செங்கற்பட்டுப் பக்கம் போகும் மற்றவர்களும் கரையில் காத்துக்கிடப்பார்கள். பாலத்துக்கு உஸ்கான் செலவிட்டது 30,000 வராகன் என்று சொல்லப்படுகிறது. வராகன் பொன் நாணயம். பின்னாளில் மூன்றரை ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலாகும். பரங்கிமலையில் ஏறுவதற்குப் படிகளையும் அவரே அமைத்துக் கொடுத்தார்.

இதற்கு மேல் அவர் செய்த ஒரு காரியம்தான் நம் சிந்தனையை அதிகம் ஈர்க்கிறது. பாலத்தின் பராமரிப்புக்கென்று 1,500 வராகன் தனியே ஒதுக்கிவைத்தார். ஸதக்கத்துல் ஜாரியா என்று நாம் எவ்வளவோ பேசுகிறோம். பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் கிளை என்று மதரஸாவில் முதல் ஜுமராவிலேயே படிக்கிறோம். ஆனால் கட்டுவதற்குக் கிடைக்கும் பணம், கட்டியதைக் காப்பதற்குக் கிடைப்பதில்லை. நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு தனவந்தர் பள்ளிவாசலை ஒட்டி முசாஃபிர்களுக்காக அழகான விடுதி கட்டிக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு நாமும் சென்று துஆ ஓதினோம். ஐந்தாம் ஆண்டில் மோட்டார் பழுதாயிற்று. ஆறாம் ஆண்டில் பூட்டுத் தொங்கியது. வக்ஃபு செய்தவர் ஒரு கடையையாவது சேர்த்து எழுதிவைத்திருந்தால், அதன் வாடகையில் அந்த விடுதி இன்றும் நடந்திருக்கும். துஆ ஓதிய நாமும் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை என்பது நம் குறையே. ஃபிக்ஹு நூல்களில் வக்ஃபின் வருமானத்தை முதலில் அதன் பழுது பார்க்கவே செலவிட வேண்டுமென்ற சட்டம் இருக்க, அதை நடைமுறையில் காட்டியவர் ஓர் அர்மீனிய வியாபாரி!

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. புதுச்சேரியின் டூப்ளே, உஸ்கானைத் தம் பக்கம் இழுக்க முயன்றார். அவரது செல்வமும் வேண்டும், அவரது பெயருக்கிருந்த மரியாதையும் வேண்டும். தங்களோடு சேர்ந்தால் சொத்து திரும்பக் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. தமக்கு வாழ்வு கொடுத்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களுக்கு இடுக்கண் வந்த நேரத்தில் மாறமாட்டேன் என்ற நிலையில் அவர் நின்றுவிட்டார். சொத்து பறிபோயிற்று. வயது அறுபத்தைந்துக்கு மேல்.

1749-ல் ஆங்கிலேயர் சென்னையைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கோட்டைக்குள்ளிருந்த வெள்ளையர் பட்டணத்திலிருந்து அர்மீனியர்களையும் கத்தோலிக்கர்களையும் வெளியேற்றியது. பிரெஞ்சுக்காரருக்கு உதவியிருப்பார்கள் என்ற சந்தேகமே காரணம். 1688-ல் எழுதிக்கொடுத்த உடன்படிக்கை அறுபது ஆண்டுகளில் மறந்துபோயிற்று. உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். தம் இனத்தார் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போக, தாம் ஒருவர் உள்ளே இருப்பது எவ்வளவு கசப்பாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருவரின் விசுவாசத்தை ஏற்றுக்கொண்டு, அதே வேளையில் அவரது கூட்டத்தார் எல்லோரையும் சந்தேகிப்பது ஆள்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் எளிதாகவே வருகிறது.

1751 ஜனவரி 15-ஆம் நாள் அவர் காலமானார். வயது எழுபது. தாம் வேப்பேரியில் கட்டிய சிறு தேவாலயத்தின் எல்லைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது வஸிய்யத்தில் ஒரு விசித்திரமான செய்தி இருந்தது. இறந்தபின் தம் இதயத்தைத் தனியே எடுத்து, ஒரு பெட்டியில் வைத்து, பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பி அங்கே புதைக்க வேண்டுமென்று எழுதியிருந்தார். நம் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. மையித்தின் உடலைக் கிழிப்பது கூடாது. இறந்த ஊரிலேயே அடக்குவதுதான் நம் முறை. ஆனாலும் அந்த மனிதரின் உள்ளத்தை நம்மால் விளங்கிக்கொள்ள முடிகிறது. கால் நூற்றாண்டுக்கும் மேல் சென்னையில் வாழ்ந்து, இந்த ஊருக்குப் பாலம் கொடுத்தவர், மனத்தளவில் ஜாயந்தே நதிக்கரையை விட்டு நீங்கவில்லை. துபாயிலும் சவூதியிலும் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, ஜனாஸாவாவது ஊருக்கு வரவேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவைக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வேப்பேரித் தேவாலயமும் நிலைக்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டே, 1752-ல், கும்பெனியார் அதை எடுத்து ஜெர்மன் புரொட்டஸ்டண்டு மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். தமிழில் பைபிளை மொழிபெயர்த்த ஃபாப்ரிஸியுஸ் என்பவர் அங்கிருந்துதான் நெடுங்காலம் பணியாற்றினார். இன்று அங்கே நிற்பது புனித மத்தியாஸ் தேவாலயம். உஸ்கானின் கல்லறை அதன் வளாகத்தில் இருக்கிறது.

சென்னையின் அர்மீனியர்கள் அதன்பிறகும் ஒரு நூற்றாண்டுக்குக் குறையாமல் செழிப்பாயிருந்தார்கள். உலகத்திலேயே முதல் அர்மீனியப் பத்திரிகை 1794-ல் இந்த ஊரில்தான் வெளிவந்தது. பிறகு கல்கத்தாவுக்கும் வேறு நாடுகளுக்கும் சிறிது சிறிதாகப் போய்விட்டார்கள். தெருவும் தேவாலயமும் கல்லறைகளும் மிஞ்சின.

பழைய பாலத்தின் முனையில் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டிருந்தது. புதிய பாலம் வந்தபின் அந்தக் கல் சாலையோரத்தில் மண்ணும் குப்பையும் சூழ்ந்து பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதில் வாசகங்கள் மூன்று மொழிகளில் உள்ளன: அர்மீனியம், லத்தீன், பாரசீகம். முதல் மொழி அவர் பிறந்த குலத்துக்கு, இரண்டாவது அவர் வணங்கிய சபைக்கு. மூன்றாவது, அந்நாளில் ஆற்காட்டு நவாபின் தர்பாரிலும் அறிஞர் வீடுகளிலும் வழங்கிய மொழி. நம் உலமாக்கள் அன்று அந்த வழியாக நடந்துபோயிருந்தால், நின்று படித்திருப்பார்கள்.