படிப்பை முடிக்காதவர் விட்ட படகு

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக் கொண்டபோது, எங்கள் புராஜெக்டைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் பேனா வேறொரு மனிதரைத் தேடிப் போய்விட்டது. அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவரைப் பற்றிச் சொன்னால்தான் எங்கள் கதையும் விளங்கும்.

எங்கள் புராஜெக்ட், ரேடியோ கண்ட்ரோலில் ஓடும் எலெக்ட்ரிக் மாடல் படகு. இரண்டடி நீளம். மீனவர்கள் ஃபைபர் படகுக்குப் பின்னால் அவுட்போர்டு மோட்டார் மாட்டுகிறார்களே, அதே மாதிரி உள்ளங்கை அளவில் ஒன்று எங்கள் படகுக்குப் பின்னாலும் உண்டு. சுக்கான் கிடையாது. மோட்டாரே இடமும் வலமும் திரும்பும், படகும் திரும்பும்.

முதல் நாள் குட்டையில் விட்டோம். பத்தடி போச்சு. அப்புறம் மூக்கைத் தூக்கியது. புரொப்பெல்லர் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றைக் கடைந்தது. ரிசீவர் என்ன நினைத்ததோ, படகு தன்பாட்டுக்கு இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் நின்றுவிட்டது. மார்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தேன். கரையில் மெக்கானிக்கல் பசங்க கைதட்டினார்கள்!

எங்கள் கைடு சார் திட்டவில்லை. உலகத்திலேயே முதலில் இப்படி ஒரு படகை விட்டவர் யார் என்று கேட்டார். நாலு பேரும் முழித்தோம். ஒருத்தன் மார்க்கோனி என்றான். 1898-ல் நிகோலா டெஸ்லா விட்டார், அவர் வாழ்க்கையைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை வாங்க, அப்புறம் படகைப் பிரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று ராத்திரி படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

டெஸ்லா 1856 ஜூலை 10-ஆம் தேதி ஸ்மில்யான் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசு, இன்று குரோவேஷியா. செர்பியக் குடும்பம். அப்பா மிலுதின் ஆர்த்தடாக்ஸ் சபைப் பாதிரியார். அம்மா ஜூகா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் வீட்டுக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைத் தானே செய்துகொள்வார். கேட்டதை மறக்க மாட்டார். தன் கைத்திறமையும் ஞாபக சக்தியும் அம்மாவிடமிருந்து வந்தவை என்று மகன் கடைசிவரை நம்பினார்.

மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பள்ளிப் படிப்பு முடிந்த சமயம் பையனுக்குக் காலரா வந்து, பல மாதம் படுக்கையில் கிடந்தான். பிழைத்தால் என்னை என்ஜினீயரிங் படிக்க விடுவீர்களா என்று கேட்டான். அப்பா சரி என்றார். பையன் பிழைத்தான்.

1875-ல் கிராஸ் நகரத்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக்தான்! முதல் வருஷம் விடிகாலை எழுந்து நள்ளிரவு வரை படித்து, எழுதிய பரீட்சையில் எல்லாம் முதல் தரம். அடுத்த வருஷம் வகுப்பில் ஒரு டைனமோவை ஓட்டிக் காட்டினார்கள். பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் உரசி நெருப்புப் பொறி பறந்தது. இந்தக் கம்யூட்டேட்டரே இல்லாமல் மோட்டார் ஓட்ட முடியாதா என்று டெஸ்லா கேட்டார். அது நடக்கவே நடக்காது என்று பேராசிரியர் வகுப்பு முழுவதும் விளக்கினார். டெஸ்லாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மனசு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை நம்ம ஆளுங்க பெரும்பாலும் சொல்வதில்லை. சீட்டாட்டம், பில்லியர்ட்ஸ் என்று இறங்கிவிட்டார். உதவித்தொகை போனது. மூன்றாம் வருஷம் பரீட்சையே எழுதவில்லை. 1878-ல் படிப்பை விட்டார். வீட்டுக்குச் சொல்லவில்லை. சொந்தங்களோடு தொடர்பை அறுத்துக்கொண்டு மாரிபோர் என்ற ஊரில் போய் வேலை பார்த்தார். ஆற்றில் விழுந்து செத்திருப்பார் என்றுகூட நண்பர்கள் நினைத்தார்களாம். 1879 மார்ச்சில் அப்பா தேடிக் கண்டுபிடித்து வந்து, வீட்டுக்கு வாப்பா என்று கெஞ்சினார். மகன் போகவில்லை. சில நாளில், தங்குவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை என்று போலீஸ்தான் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. ஏப்ரலில் அப்பா இறந்துபோனார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். காரணம் இருக்கிறது. எனக்கு அப்போது இரண்டு அரியர். வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லியிருந்தேன். என் அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன த்ரீ பேஸ் மோட்டார்களைப் பிரித்து, பழைய காயிலை வெட்டி எடுத்து, புதுசு கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். அந்த வருமானத்தில்தான் என் பீஸ். ரிசல்ட் அன்றைக்குப் பக்கத்துக் கடைக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர் அவர்.

மறுபடி புத்தகத்தைத் திறந்தேன். அம்மாதான் டெஸ்லாவைச் சூதாட்டத்திலிருந்து மீட்டவர். திட்டவில்லை. இருந்த பணத்தை எடுத்துக் கையில் கொடுத்து, போய் ஆடித் தீர்த்துவிட்டு வா என்றாராம். அதோடு விட்டுப்போச்சு.

பிறகு புடாபெஸ்ட் நகரில் டெலிபோன் கம்பெனி வேலை. 1882-ல் ஒரு மாலை, நண்பரோடு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை மின்னல் மாதிரி வந்தது. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டுக் காட்டினார். நாம் மெஷின்ஸ் பேப்பரில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோமே, சுழலும் காந்தப் புலம், அதுதான் அந்தப் படம். கட்டம் மாறி வரும் மின்னோட்டங்களைச் சுற்றிலும் உள்ள காயில்களில் விட்டால் காந்தப் புலம் தானே சுழலும். ரோட்டாரும் கூடவே சுழலும். பிரஷ் வேண்டாம், கம்யூட்டேட்டர் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

1884-ல் அமெரிக்கா போனார். எடிசன் கம்பெனியில் சில மாதம் வேலை. வெளியே வந்து கூட்டு சேர்ந்து தொடங்கிய கம்பெனி கைவிட்டது. கொஞ்ச காலம் நியூயார்க்கில் பள்ளம் வெட்டும் கூலி வேலை பார்த்தார். அதே கையால் 1887-ல் ஏசி மோட்டாரை உருவாக்கி, 1888 மே மாதம் அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தில் விளக்கினார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அந்த வருஷமே காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றார். 1894-ல் கொலம்பியா, யேல் பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்தன. 1895 மார்ச்சில் நியூயார்க் ஆய்வுக்கூடம் தீப்பிடித்து, கருவி, குறிப்பு எல்லாம் சாம்பல். 1896 நவம்பரில் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவருடைய ஏசி முறையில்.

இப்போது படகுக்கு வருகிறேன். 1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மின்சாரக் கண்காட்சிக்காக ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நாலடி நீள இரும்புப் படகு ஒன்றை மிதக்கவிட்டார். உள்ளே பேட்டரி, புரொப்பெல்லருக்கு ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப ஒரு மோட்டார், மேலே விளக்குகள். ஒயர் எதுவும் வெளியே வரவில்லை. தள்ளி நின்று ஒரு பெட்டியின் கைப்பிடியைத் திருப்பினார். படகு போனது, நின்றது, திரும்பியது, விளக்கைச் சிமிட்டியது.

டிரான்சிஸ்டர் கிடையாது, வால்வும் கிடையாது. பிறகு எப்படி? ரிசீவர் என்பது உலோகத் தூள் நிரப்பிய ஒரு சின்னக் குழாய். கோஹரர் என்று பெயர். ரேடியோ அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான், உலுக்கிவிட்டால்தான் பிரியும். டெஸ்லா அந்தக் குழாயே ஒவ்வொரு சிக்னலுக்கும் தலைகீழாகப் புரளும்படி செய்தார். கூடவே ரிலே வழியாக ஒரு சக்கரம் ஒரு படி நகரும். ஒரு படியில் இடது, இன்னொன்றில் நேர், இன்னொன்றில் வலது. எத்தனை சிக்னல் அனுப்பினோம் என்று எண்ணிக்கொண்டால் போதும்.

பார்த்தவர்கள் நம்பவில்லை. மந்திரம் என்றார்கள், உள்ளே குரங்கு இருக்கிறது என்றார்கள். கேள்வி கேளுங்கள், படகு பதில் சொல்லும் என்று டெஸ்லா விளையாட்டுக் காட்டினார். 64-க்குக் கனமூலம் என்ன என்று கேட்டபோது விளக்கு நாலு தடவை சிமிட்டியதாம். காப்புரிமை அலுவலகத்தாரும் நேரில் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். 1898 நவம்பர் 8-ஆம் தேதி காப்புரிமை எண் 6,13,809 கிடைத்தது. அது ஸ்பெயினோடு அமெரிக்கா போரிட்ட வருஷம். ஆனாலும் கடற்படை அக்கறை காட்டவில்லை. யாரும் வாங்கவில்லை.

மீதிக் கதை வருத்தமானது. 1901-ல் மார்கன் என்ற பெரும் பணக்காரர் கொடுத்த ஒன்றரை லட்சம் டாலரில் லாங் ஐலண்டில் உலகுக்கே கம்பியில்லாத் தொடர்பு தரும் கோபுரம் கட்டத் தொடங்கினார். பணம் நின்றது, வேலையும் நின்றது. 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள். அதே ஆண்டு எடிசன் பெயரிலான பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். கடைசிக் காலம் ஓட்டல் அறைகளில் கடனோடும் புறாக்களோடும் கழிந்தது. 1943 ஜனவரி 7-ஆம் தேதி நியூயார்க் ஓட்டல் அறையொன்றில் தனியாக இறந்தார். வயது 86. 1960-ல் காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்கு டெஸ்லா என்று பெயர் வைத்தார்கள்.

திங்கட்கிழமை படகைப் பிரித்தோம். எங்கள் மோட்டார் பிரஷ் வைத்தது. கிராஸ் வகுப்பறையில் பறந்த அதே பொறி எங்கள் படகுக்குள்ளும் பறந்து, ரிசீவரைக் குழப்பியிருக்கிறது! அதை எடுத்துவிட்டுப் பிரஷ்லெஸ் மோட்டார் போட முடிவு செய்தோம். பேட்டரி கொடுப்பது டிசிதான். ஸ்பீடு கண்ட்ரோலர் அதை மூன்று கட்டமாக மாற்றி, சுழலும் புலத்தை உண்டாக்கும். ஆக ரேடியோவும் டெஸ்லா வழி, சுழலும் புலமும் டெஸ்லா வழி.

அன்று ராத்திரி அப்பாவிடம் அரியரைச் சொல்லிவிட்டேன். வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, அடுத்த எக்ஸாம்ல எழுதி முடிச்சிரு, இனிமே பொய் சொல்லாதே என்றார். அவ்வளவுதான்.

புது மோட்டாரை வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது புரொப்பெல்லர் தலைகீழாகச் சுற்றியது. ஸ்பீடு கண்ட்ரோலர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். மூணு ஒயர் இருக்கில்ல, ஏதாவது ரெண்டை மாத்திப் போடுடா என்றார். மாற்றினேன். சரியாகச் சுற்றியது. டெஸ்லா என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. முப்பது வருஷமாக அவருடைய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அடுத்து படகு கட்டும் ஜூனியர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவைக்கிறேன். மூக்கு தூக்கினால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள், மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் படகை நோக்கி லேசாக உள்ளே சாய்த்து வையுங்கள். திரும்பும்போது புரொப்பெல்லர் காற்று வாங்கினால் மோட்டாரைக் கொஞ்சம் இறக்குங்கள். நாங்கள் ஐந்து மில்லிமீட்டர் இறக்கினோம். செர்வோ கம்பி நுழையும் ஓட்டையைக் கிரீஸும் ரப்பர் உறையும் போட்டு அடையுங்கள். முதலில் கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டர், அப்புறம்தான் படகின் பேட்டரி. அணைக்கும்போது முதலில் படகு. சிக்னல் போனால் மோட்டார் தானே நிற்கும்படி முன்கூட்டியே செட் செய்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை படகு குட்டையைக் கடந்து, வளைந்து, என் காலடிக்கே திரும்பி வந்தது. கரையில் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்.

நண்பர்களே, டெஸ்லா படிப்பை விட்டார், அப்புறம் பெரிய ஆள் ஆனார், நாமும் விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிப்பை விட்டதால் அவர் ஜெயிக்கவில்லை. வகுப்பில் கேட்ட கேள்வியை விடாததால் ஜெயித்தார். கோபுரம் போனது, பணம் போனது. ஆனால் கெஞ்சி அழைத்த அப்பாவோடு போகாமல் விட்ட அந்த மார்ச் மாதத்தை மட்டும் எந்தக் கண்டுபிடிப்பாலும் அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. உங்களுக்கும் வீட்டில் சொல்லாத அரியர் ஏதாவது இருந்தால், இந்த மலரை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.