தலைமாட்டில் நின்ற தாதி

கடந்த வருடம் என் உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கத்தியைவிட மயக்கமருந்துக்குத்தான் அவர் கூடுதலாகப் பயந்தார். கண்ணை மூடினால் மீண்டும் திறப்பேனா என்ற கவலை. அல்ஹம்துலில்லாஹ், சுகமாக வீடு திரும்பினார். நினைவு மறையும்வரை தலைமாட்டில் நின்று மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்த தாதியைப் பற்றியே பல நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணியின் வரலாற்றைத் தேடிய போதுதான் அலிஸ் மகோவை அறிந்துகொண்டேன்.

அலிஸ் 1860 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். சிக்காகோவில் தாதிப் பயிற்சி பெற்று 1889 இல் வெளியேறினார். மினசோட்டா மாநிலத்தின் ரொச்செஸ்டர் என்ற சிற்றூரில், சென்ட் மேரிஸ் வைத்தியசாலையில் மேயோ சகோதரர்கள் சத்திரசிகிச்சை செய்துவந்தார்கள். அங்கே மயக்கமருந்து கொடுத்துவந்த எடித் கிரஹாம் என்ற தாதி 1893 இல் சார்ள்ஸ் மேயோவைத் திருமணம் செய்தார். அவரது பொறுப்பு அலிஸின் கைக்கு வந்தது.

அக்காலத்தில் பெரிய வைத்தியசாலைகளில் இவ்வேலை அனுபவம் குறைந்த பயிலுநர் வைத்தியர்களிடமே விடப்பட்டது. அவர்களது கவனமோ நோயாளியின் மூச்சில் அல்ல, சத்திரசிகிச்சை செய்பவரின் கையில் இருந்தது. கற்க வந்தவர்கள் அல்லவா! அலிஸுக்கு அந்தச் சபலம் இல்லை. அவரது கண் நோயாளியின் முகத்தை விட்டு அகலவில்லை.

மெல்லிய துணி போர்த்திய முகமூடியின்மேல் ஈதரைத் துளித்துளியாக விடுவார். மூச்சின் ஓசை, முகத்தின் நிறம், நாடித் துடிப்பு ஆகியவற்றைப் பார்த்துத் துளிகளைக் கூட்டுவார், குறைப்பார். நோயாளியுடன் தணிந்த குரலில் பேசி அச்சத்தை நீக்குவார். பயம் தணிந்தவருக்குக் குறைந்த மருந்தே போதும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

கண்டதை எழுதியும் வைத்தார். 1906 இல் மருத்துவச் சஞ்சிகையொன்றில் 14,000 இற்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் பற்றிய அவரது கட்டுரை வெளியானது. அவற்றில் மயக்கமருந்தினால் நேரடியாக ஓர் உயிர்கூடப் போகவில்லை. அவர் வேலை செய்வதைப் பார்க்க வெளியூர் வைத்தியர்கள் வந்தார்கள். 1908 இல் திருமணம் செய்து ரொச்செஸ்டரை விட்டுச் சென்றார். 1928 இல் காலமானார். மயக்க மருத்துவத்தின் தாய் என்று இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

அமெரிக்காவில் விசேட பயிற்சி பெற்ற தாதியர் இன்றும் மயக்கமருந்து கொடுக்கிறார்கள். எங்கள் நாட்டில் அதை வைத்தியர் கொடுக்க, தாதி துணை நிற்கிறார்.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்றே எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. தாதியாகவும் போவேன் என்று வாப்பாவிடம் சொன்னேன். இரவுக் கடமை இருக்குமே என்று அவர் யோசிக்கிறார். தலைமாட்டில் ஒரு தாதி நின்றதன் அருமை உம்மாவுக்குத் தெரியும். அவர் என் பக்கம்.