டீச்சர் இல்லை, டியூட்டோரியல் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை... கிண்டியில படிச்ச நரசிம்மன் கோடிங் ஆரம்பிச்ச கதை!

தி.நகர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. ஜவுளிக்கடை, நகைக்கடை போர்டுகளுக்கு நடுவுல 'பைத்தான்', 'ஜாவா', 'ஃபுல் ஸ்டாக்'னு ஏதாவது ஒரு கோச்சிங் சென்டர் போர்டு கண்ணுல படும். அடையார், வேளச்சேரி பக்கம் போனா கேட்கவே வேணாம். ஊர்ல இருந்து வந்து, பி.ஜி-யில பெட் பிடிச்சு, ஆறு மாசம் கோர்ஸ் முடிச்சு, ஓ.எம்.ஆர்-ல ஒரு வேலை. ரூட் எல்லாருக்கும் தெரியும். இப்போ இருக்கிற பயமே வேற. படிச்சு முடிக்கிறதுக்குள்ள படிச்சது பழசாகிடுமோ? நாம எழுதப்போற கோடை ஏ.ஐ எழுதிட்டுப் போயிடுமோ?

இந்தப் பயத்தை நிஜத்துலயே வாழ்ந்து பார்த்த ஒருத்தர் நம்ம ஊர்க்காரர். சில வருஷம் உழைச்சு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார். அது முழுசா ஓட ஆரம்பிச்சப்பவே பழைய மாடல். அதுக்கு அப்புறமும் அவர் ஃபீல்டுல இருந்தார், அதுவும் இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல. பேர் ரங்கசாமி நரசிம்மன். இந்தியாவுல கட்டின முதல் முழு டிஜிட்டல் கம்ப்யூட்டருக்குப் பின்னால இருந்தவர்.

1926-ல் சென்னையில் பிறந்தவர். அடையாரிலிருந்து சர்தார் படேல் ரோடு வழியா போனா வருமே கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ், அங்கேதான் படிச்சார். எடுத்தது டெலிகம்யூனிகேஷன். அப்போ அதுவே புதுப் படிப்பு. 'கம்ப்யூட்டர் சயின்ஸ்'னு ஒரு பிரிவை யாரும் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டாங்க. கொஞ்சம் தள்ளி இருக்கிற ஐ.ஐ.டி மெட்ராஸ்லயே கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.டெக் 1983-லதான் ஆரம்பிச்சாங்கன்னா பார்த்துக்கோங்க. அந்த ஐ.ஐ.டி-யே 1959-ல வந்ததுதான்.

கிண்டி முடிச்சு அமெரிக்கா போனார். கால்டெக்கில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்ல மாஸ்டர்ஸ். அடுத்து அவர் செஞ்சது இன்னிக்கு நிறைய வீட்டுல சண்டையைக் கிளப்பும். இன்ஜினீயரிங்கை விட்டுட்டு இண்டியானா யுனிவர்சிட்டியில் கணிதத்துல பிஹெச்.டி பண்ணினார். ரெண்டு வேற வேற படகுல கால் வைக்கிற மாதிரி தெரியலாம். ஆனா சர்க்யூட்டும் தெரிஞ்சு, லாஜிக்கும் தெரிஞ்ச ஆளைத் தேடி ஒருத்தர் பம்பாயில் காத்துக்கிட்டிருந்தார். அவர் ஹோமி பாபா. பாபா ஆரம்பிச்ச டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அதாவது டி.ஐ.எஃப்.ஆர், அப்போ கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்துல பழைய யாட் கிளப் கட்டடத்துல நடந்துக்கிட்டிருந்தது. 1954-ல் நரசிம்மன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வயசு 28.

வேலை என்னன்னா, ஒரு கம்ப்யூட்டரைக் கட்டணும். வாங்குறது இல்லை, கட்டுறது.

அப்போ இந்தியாவுல ஒரு டிஜிட்டல் கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து முதல் மெஷின் வந்து இறங்கினதே அதுக்கு அப்புறம்தான். நரசிம்மனுடைய குழு ரொம்பச் சின்னது. பெரும்பாலும் டிகிரி முடிச்ச கையோடு வந்த பசங்க. யாருக்கும் கம்ப்யூட்டர் கட்டின அனுபவம் இல்லை.

அப்போ எதைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க? பேப்பரைப் பார்த்துதான். அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல ஜான் வான் நாய்மனும் அவர் குழுவும் ஒரு கம்ப்யூட்டரை டிசைன் பண்ணி, எப்படிச் செஞ்சோம்னு விளக்கமா அறிக்கை எழுதி எல்லாருக்கும் கொடுத்துட்டாங்க. பேட்டன்ட், காப்பிரைட்னு பூட்டி வைக்கல. அதைப் படிச்சுட்டு ஸ்வீடன்ல ஒண்ணு, இஸ்ரேல்ல ஒண்ணுனு உலகம் பூரா அதே குடும்பத்து மெஷின்கள் முளைச்சது. 'ஓப்பன் சோர்ஸ்'னு ஒரு வார்த்தை பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த ஓப்பன் சோர்ஸ் இது. பம்பாய் டீமும் அந்த வழியைத்தான் பிடிச்சது.

நேரா பெரிய மெஷினுக்குப் போகாம, முதல்ல ஒரு சின்ன சோதனை மெஷினைச் செஞ்சாங்க. 1956-ல அது ஓடியது. நம்ம கைக்கு இது வருதுனு தெரிஞ்ச பிறகுதான் பெருசுல கை வெச்சாங்க. 1960-ல் முழு மெஷின் தயார். 18 அடி நீளம், 8 அடி உயரத்துல இரும்பு ரேக். உள்ளே சுமார் 2,700 வேக்யூம் டியூப், 1,700 ஜெர்மேனியம் டயோடு, 12,500 ரெசிஸ்டர். பழைய வால்வு ரேடியோ தெரிஞ்ச தாத்தா வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. அஞ்சாறு வால்வு இருக்கிற ரேடியோவே தொட்டா சுடும். இங்கே 2,700.

மெமரி எவ்வளவு? 40 பிட் அளவுள்ள 2,048 வார்த்தைகள். இன்றைய கணக்குல சரியா 10 கே.பி. காலையில ஃபேமிலி குரூப்ல வர்ற ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படத்தைக்கூட அதுக்குள்ள அடைக்க முடியாது. அந்த 10 கே.பி-யை வெச்சுத்தான் இந்திய விஞ்ஞானிகள் தங்களோட கணக்குகளைப் போட்டாங்க.

சரி, அதுல கோடிங் எப்படி இருந்திருக்கும்? இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பார்க்கலாம். ஏன்னா, 'எனக்கு கோடிங் வராது'னு முதல் வாரத்துலயே ஓடிப்போறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

பைத்தான்ல ரெண்டு எண்களைக் கூட்ட ஒரு வரி போதும். அந்த மாதிரி மெஷின்ல ஒவ்வொரு எண்ணும் எந்த முகவரியில இருக்குனு நீங்கதான் நினைவு வெச்சுக்கணும். இந்த முகவரியில் இருக்கிறதை எடு, அந்த முகவரியில் இருக்கிறதைக் கூட்டு, வந்த விடையை இன்னொரு முகவரியில் கொண்டுபோய் வை. 'எடு', 'கூட்டு', 'வை' எல்லாமே எண்தான். எழுத்துன்னு ஒண்ணு கிடையாது. எழுதி முடிச்சதும் காகித டேப்பில் ஓட்டை ஓட்டையா பஞ்ச் பண்ணி மெஷினுக்குள்ள விடணும். ஒரு ஓட்டை தப்பினா கணக்கு வேற.

இதைவிட வேதனை ஒண்ணு இருக்கு. எல்லாம் எழுதின பிறகு நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சுனு தெரியுது. இன்னிக்கு எண்டர் தட்டி ஒரு வரி சேர்ப்போம். அங்கே ஒரு வரி சேர்த்தா அதுக்குக் கீழ இருக்கிற எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகும். தள்ளிப்போனா முகவரிகள் மாறும். மாறின முகவரிகளைக் கூப்பிடுற ஒவ்வொரு வரியையும் தேடித் தேடித் திருத்தணும். எந்த லைன்ல எர்ரர்னு சிவப்புக் கோடு போட்டுக்காட்டவும் யாரும் இல்லை. அதனால அந்தத் தலைமுறை முதல்ல பென்சிலும் பேப்பருமா உட்கார்ந்து, மெஷின் செய்யப்போறதைத் தங்களோட தலைக்குள்ளயே ஓட்டிப் பார்த்துட்டுத்தான் மெஷின்கிட்ட போனாங்க. இன்டர்வியூல 'டிரை ரன் பண்ணிக்காட்டுங்க'னு கேட்கிறாங்களே, அவங்களுக்கு அது அன்றாட வேலை.

1962 ஜனவரியில் கொலாபாவில் டி.ஐ.எஃப்.ஆர்-ரோட புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு வந்த பிரதமர் நேரு அந்த மெஷினுக்குப் பேர் வெச்சார். டிஃப்ராக். நிறுவனத்தோட பேருடன் 'ஆட்டோமேட்டிக் கால்குலேட்டர்' என்பதைச் சேர்த்துச் சுருக்கியது. ஆமாம், கால்குலேட்டர்தான்!

கதையை இங்கேயே நிறுத்தினா தேசபக்திப் படம் மாதிரி கைதட்டல் வாங்கிடலாம். ஆனா நடந்தது அது இல்லை. டிஃப்ராக் தயாரான நேரத்துல வெளிநாட்டுல வேக்யூம் டியூபை ஓரம் கட்டிட்டு டிரான்சிஸ்டருக்கு மாறிட்டாங்க. 1959-லயே ஐ.பி.எம் டிரான்சிஸ்டர் மெஷின்களை அறிமுகப்படுத்தியாச்சு. 1957-லிருந்து அமெரிக்கப் புரோகிராமர்கள் ஃபோர்ட்ரான் மொழியில், கிட்டத்தட்ட கணக்கு நோட்டுல எழுதுற மாதிரி கோடு எழுதிக்கிட்டிருந்தாங்க. பம்பாயில இன்னும் எண்கள்தான். 1964-ல் டி.ஐ.எஃப்.ஆர்-க்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி 3600 வந்து இறங்கியது. டிஃப்ராக்கின் சகாப்தம் அதோடு முடிஞ்சுபோச்சு.

அப்போ அது வேஸ்ட்டா? கேட்கத் தோணும், நியாயம்தான். கடைக்காரர் கண்ணோட பார்த்தா, விலைக்கு வாங்கியிருக்கலாம். ஆனா அந்த நாலைஞ்சு வருஷத்துல 50-க்கும் மேற்பட்ட நிறுவனங்களோட ஆட்கள் அந்த மெஷின்ல வந்து கணக்குப் போட்டாங்க. கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாத நாட்டுல அவங்கதான் முதல் புரோகிராமர்கள். வாங்கின மெஷின்னா பட்டனை அழுத்தத்தான் கத்துக்கிட்டிருப்பாங்க. கட்டின மெஷின்ல, பட்டனுக்குப் பின்னால என்ன நடக்குதுனு தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்த அறிவு பழசாகல. என்னைக் கேட்டா, டிஃப்ராக்கோட உண்மையான அவுட்புட் அந்த ஆட்கள்தான்.

நரசிம்மனும் தான் கட்டினதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்காரல. 1961-ல் இல்லினாய் யுனிவர்சிட்டிக்குப் போய் மூணு வருஷம் இருந்தார். அங்கே இல்லியாக்-3 என்ற மெஷின் திட்டம் ஓடிக்கிட்டிருந்தது. அணுத்துகள் சோதனைகளில் எடுக்கிற போட்டோக்கள் மூட்டை மூட்டையா குவியும். அதுல எந்தக் கோடு எந்தத் துகள் போன பாதைனு மெஷினே பார்த்துச் சொல்லணும். நரசிம்மன் இதுக்கு எடுத்த வழி வித்தியாசமானது. எழுத்து சேர்ந்து சொல், சொல் சேர்ந்து வாக்கியம், அதுக்கு ஓர் இலக்கணம் இருக்கில்லையா? அதே மாதிரி புள்ளி சேர்ந்து கோடு, கோடு சேர்ந்து வடிவம். அப்போ படத்துக்கும் இலக்கணம் எழுதலாமே? 1960-களின் தொடக்கத்துல இப்படி யோசிச்சு அவர் எழுதிய கட்டுரைகள், பேட்டர்ன் ரெகக்னிஷன் துறையில் ஒரு தனிப் பாதையையே தொடங்கி வெச்சது. கம்ப்யூட்டர் கட்டின இன்ஜினீயர், கம்ப்யூட்டரால 'பார்க்க' முடியுமானு கேட்கிற ஆளா மாறிட்டார்.

ஊர் திரும்பினதும் வேற மாதிரி வேலைகள். 1965-ல் தொடங்கின கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியாவின் முதல் தலைவர் அவர்தான். இந்த அமைப்போட கல்விப் பிரிவு அலுவலகம் நம்ம தரமணியிலதான் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு மத்திய அரசு தொடங்கின சி.எம்.சி நிறுவனத்தின் தலைவரானார். 1978-ல் ஐ.பி.எம் இந்தியாவை விட்டுக் கிளம்பினப்போ, நாடு முழுக்க அவங்க விட்டுட்டுப் போன மெஷின்களைப் பராமரிக்க ஆள் வேணுமே? அந்தச் சுமை சி.எம்.சி தோள்ல விழுந்தது. மெஷினை உள்ளே பிரிச்சுப் பார்த்த தலைமுறை ஒண்ணு தயாரா இருந்ததோட அருமை அப்போதான் புரிஞ்சிருக்கும். 1980-களின் நடுவில் டெல்லியில் ரயில் டிக்கெட் ரிசர்வேஷனை கம்ப்யூட்டருக்கு மாத்தினதும் இதே சி.எம்.சி-தான். தட்கல் திறக்கிற நிமிஷத்துல ஆப்பைத் திட்டுறோமே, அந்த வம்சத்தோட முதல் கிளை அது. பின்னாடி சி.எம்.சி டாடா கைக்குப் போய், 2015-ல் டி.சி.எஸ்ஸோடு இணைஞ்சது. நரசிம்மனோட வேலை பார்த்த எஸ்.ரமணி, இந்தியாவுக்கு இன்டர்நெட் வந்த கதையில் முக்கியமானவர். இதெல்லாம் தனித்தனிக் கட்டுரைக்கு ஆகும்.

1977-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. அந்த வயசுல பலர் கமிட்டி, ரிப்பன் வெட்டுனு செட்டிலாகிடுவாங்க. நரசிம்மனுக்கு அப்போ தலைக்குள்ள வேற ஒரு கேள்வி ஓடிக்கிட்டிருந்தது. மெஷினுக்கு ஒவ்வொரு அடியையும் எண்ணால சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கு. ஆனா ஒரு குழந்தைக்கு யாரும் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறது இல்லை. அம்மா, பாட்டி பேசுறதைக் கேட்டுட்டே இருந்து ஒருநாள் அதுவே பேசுது. எப்படி?

இதுக்காக ஒரு தமிழ்க் குழந்தை பேசக் கத்துக்கிற பருவத்துல, வீட்டுல பெரியவங்களோட அது பேசினதை, அவங்க பதிலுக்குப் பேசினதை எல்லாம் ஆர்.வைத்தியநாதன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பொறுமையா பதிவு செஞ்சு தொகுத்தார். மொழியை வெறும் விதிகளோட பட்டியலா பார்க்காம, ஒரு குழந்தை தனக்கு வேணுங்கிறதைச் சாதிச்சுக்கிற நடத்தையா பார்க்கணும்கிறது அவர் கட்சி. 1981-ல் இதைப் பத்தி ஒரு புத்தகம், 1998-ல் இன்னொண்ணு, 2004-ல் செயற்கை நுண்ணறிவைப் பத்தி மற்றொண்ணு. கடைசிப் புத்தகம் வந்தப்போ அவருக்கு வயசு 78. சாட்பாட்கிட்ட தமிழ்ல பேசி லீவ் லெட்டர் எழுதி வாங்குற நமக்கு, அது எப்படித் தமிழ் கத்துக்கிச்சுங்கிறது இப்போதான் கேள்வியா தோணுது. அவர் அதோட மறுபக்கத்தை, குழந்தை எப்படிக் கத்துக்குதுங்கிறதை, நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே டேப் ரெக்கார்டரோட பின்தொடர்ந்துக்கிட்டிருந்தார்.

2007 செப்டம்பரில், 81 வயதில் நரசிம்மன் காலமானார். ஐபோன் முதல்முறையா கடைக்கு வந்து அப்போ மூணு மாசம்கூட ஆகல. அவர் தொகுத்த அந்தத் தமிழ்க் குழந்தையோட பேச்சு, உலகம் முழுக்கக் குழந்தைகள் மொழி கத்துக்கிறதை ஆராயுறவங்க பயன்படுத்துற 'சைல்ட்ஸ்' தரவுத்தளத்துல தமிழுக்கான பகுதியா இன்னமும் இருக்கு.