பெண்களின் கையில் பந்து தந்த ஆசிரியை



மாலை நான்கு மணிக்கு நீண்ட மணி அடித்ததும் ஆனையூரில் நம் பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து துள்ளும் ஓசை கேட்கிறது. அந்தப் பந்தை முதன்முதலாகக் கல்லூரிப் பெண்களின் கையில் கொடுத்தவர் யார் தெரியுமா? அவர்தான் செண்டா பெரன்சன் அம்மையார். இளமையில் அவரே ஓடியாட இயலாத நோயாளிப் பெண்ணாக இருந்தார் என்பதுதான் வியப்பு!

அம்மையார் 1868-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் லித்துவேனியா நாட்டில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் குடியேறினார். தந்தை ஊர் ஊராகச் சென்று பொருள் விற்றுக் குடும்பத்தைக் காத்தார். அண்ணன் பெர்னார்டு பின்னாளில் புகழ்பெற்ற ஓவியக்கலை அறிஞரானார். செண்டாவோ பியானோ கற்றார். ஆனால் முதுகு வலியும் பலவீனமும் அவரை நீண்ட நேரம் உட்கார விடவில்லை. இசைக் கனவு பாதியிலேயே கலைந்தது.

சுவர் இருந்தால்தானே சித்திரம் வரையலாம்? உடலைத் தேற்றிக்கொள்ள 1890-இல் பாஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியப் பள்ளியில் அவர் சேர்ந்தார். தொடக்கத்தில் பயிற்சிகளை வெறுத்தார். சில மாதங்களில் உடல் வலுப்பெற்றது, உள்ளமும் மாறியது. தாம் பெற்ற நலத்தைப் பிற பெண்களுக்கும் தர உறுதி பூண்டார்.

1892 ஜனவரியில் நார்தாம்டன் நகரிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பொறுப்பேற்றார். ஓடியாடினால் பெண்ணின் உடல் கெட்டுவிடும் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. மாணவியருக்கோ பயிற்சி என்றாலே சலிப்பு. அருகிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், 1891 டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளை மாட்டி, இளைஞர்களுக்காகக் கூடைப்பந்தைத் தொடங்கியிருந்தார். அதைப் பற்றிப் படித்தறிந்த அம்மையார், தம் மாணவியருக்கும் அதைக் கற்பித்தார். சலிப்புடன் வந்தவர்கள் ஆவலுடன் ஓடி வந்தார்கள்!

1893 மார்ச் 22-ஆம் நாள் முதலாண்டு மாணவியரும் இரண்டாம் ஆண்டு மாணவியரும் மோதினர். ஆண்களுக்கு அனுமதி இல்லை. தோழியர் தத்தம் வகுப்பின் வண்ணங்களை ஏந்தி ஆரவாரித்தனர். ஆட்டம் தொடங்கியவுடனேயே முதலாண்டு அணித் தலைவியின் தோள்மூட்டு நழுவிவிட்டது. ஆயினும் ஆட்டம் நின்றுவிடவில்லை. மாற்று ஆட்டக்காரியுடன் தொடர்ந்த போட்டியில் இரண்டாம் ஆண்டு அணி 5-4 என்ற கணக்கில் வென்றது.

முரட்டுத்தனம் புகுந்தால், அதையே காரணம் காட்டி ஆட்டத்தைத் தடுத்துவிடுவார்கள் என்று அம்மையார் அஞ்சினார். ஆகவே விதிகளை மாற்றினார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒருவர் தம் பகுதியைத் தாண்டலாகாது. பிறர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கவும் கூடாது. ஒருத்தியே புகழ் பெறுவதைவிட எல்லாரும் கூடி ஆடுவதே மேல் என்பது அவர் கொள்கை. 1905 முதல் 1917 வரை பெண்கள் கூடைப்பந்து விதிக் குழுவின் தலைவியாகவும் விளங்கினார்.

அவர் வரைந்த கோடுகள் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. பின்னாளில் அவையே வேலியாகவும் ஆயின. முழு ஆடுகளத்திலும் ஓடும் உரிமை அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு 1971-இல்தான் கிடைத்தது. 1976-இல் மகளிர் கூடைப்பந்து ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

1911-இல் அம்மையார் பேராசிரியர் ஹெர்பர்ட் அபட்டை மணந்தார். திருமணம் அவர் பணியை நிறுத்தவில்லை. வேறொரு பெண்கள் பள்ளியில் 1921 வரை உடற்பயிற்சி கற்பித்தார். 1954 பிப்ரவரி 16 அன்று மறைந்தார். 1985-இல் கூடைப்பந்துப் பெருமக்கள் மன்றத்தில் முதன்முதலாக இடம்பெற்ற பெண்களுள் ஒருவராகச் சிறப்பிக்கப்பட்டார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நம் தமிழகத்தின் அனிதா பால்துரை இந்திய அணியின் தலைவியாகி, 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

தோழியரே, ஒன்பதாம் வகுப்பு வரை நானும் மூச்சிரைப்புக்கு அஞ்சி, வேப்பமரத்தடியில் புத்தகப் பைகளுக்குக் காவல் இருந்தவள்தான். அம்மையாரின் வரலாறு அறிந்தபின், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல ஆடத் தொடங்கினேன். இன்னும் பந்து கூடையில் விழுவது அரிதே! ஆயினும் இப்போது நிழலில் அமர மனம் வருவதில்லை.

பெரியவளாகிவிட்டாள், இனி எதற்கு ஆட்டம் என்று எண்ணும் அன்புப் பெற்றோரே! மாலையில் அரை மணி நேரம் எங்களை மைதானத்தில் விட்டுவையுங்கள். படிப்பு கெடாது, உடலும் உள்ளமும் உறுதி பெறும். இறைவன் தந்த உடலைப் பேணுவதும் அவருக்கு நாம் செலுத்தும் நன்றியே அல்லவா?

– பத்தாம் வகுப்பு மாணவி