பிஸ்கட் ஏன் நமத்துப்போகிறது? கெல்வின் பிரபு சொன்ன பதில்

வெப்பநிலை அளவான 'கெல்வின்' நமக்குத் தெரியும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான வில்லியம் தாம்சன் 1824-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். 22 வயதிலேயே கிளாஸ்கோவில் பேராசிரியர். 53 வருஷம் அதே நாற்காலி. அட்லாண்டிக் கடலடித் தந்தி கேபிள் 1866-ல் ஜெயித்ததும் 'சர்' பட்டம்.

இத்தனை பெரிய வேலைகளுக்கு நடுவில் 1871-ல் ஒரு சின்ன விஷயம் எழுதினார். காற்று முழுசாக ஈரமாகும் முன்பே பருத்தித் துணியும் ஓட்ஸ் மாவும் எப்படி ஈரத்தை இழுக்கின்றன?

காரணம், அவற்றிலுள்ள நுண்துளைகள். மிகக் குறுகிய இடுக்கில் நீரின் மேற்பரப்பு உள்பக்கமாகக் குழிகிறது. குழிந்த பரப்பிலிருந்து நீர் ஆவியாகித் தப்புவது கஷ்டம். அதனால் 100 சதவீத ஈரப்பதம் வரும் முன்பே நீராவி அங்கே திரவமாகிவிடும். துளை சிறுக்கச் சிறுக்க, இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. துளையின் சுவர் நீரோடு ஒட்ட வேண்டும். மெழுகு மாதிரி நீரை விலக்கும் சுவர் என்றால் பரப்பு வெளியே புடைக்கும். நீராவி எளிதில் திரவமாகாது. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சுவதற்கு, நீரை விரும்பும் அதன் சுவரும் முக்கியக் காரணம்.

எல்லாவற்றிலும் அவர் சரியில்லை. பூமியின் வயதை 2 முதல் 4 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார். உண்மையில் சுமார் 454 கோடி! 1907-ல் இறந்தவரை நியூட்டனுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் அந்த நுண்துளைக் கணக்கு தப்பவில்லை. அணு அளவு இடுக்கில் அது உடைந்துபோகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2020-ல் மான்செஸ்டர் விஞ்ஞானிகள் சோதித்தபோது, அங்கேயும் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தியது.