வைணு பாப்பு

மணலி கல்லாட்டு வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 – ஆகஸ்ட் 19, 1982) இந்திய வானியலாளர் ஆவார். விண்மீன்களின் ஒளிர்வை அளக்க உதவும் வில்சன்–பாப்பு விளைவைக் கண்டறிந்த இருவருள் ஒருவர். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நிறுவியவரும் இவரே. பெரிய தொலைநோக்கிகளை வெளிநாட்டிலிருந்து வாங்குவதோடு நின்றுவிடாமல், அவற்றின் ஆடிகளை இந்தியப் பட்டறையிலேயே தேய்த்து உருவாக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

இளமையும் கல்வியும்

இவர் சென்னையில் பிறந்தார். இவரது குடும்பம் கேரளத்தின் தலசேரியைச் சேர்ந்தது. தந்தையார் ஹைதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியமையால், தொலைநோக்கிகளுடன் சிறுவயதிலேயே பழகும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. ஹைதராபாத் நிசாம் கல்லூரியில் பயின்றபின், 1949இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். அதே ஆண்டில் தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு புதிய வால்வெள்ளியைக் கண்டார். அது பாப்பு–போக்–நியூகர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது.

முனைவர் பட்டத்திற்குப் பின் பலோமார் வானாய்வகத்தில் ஆய்வு செய்தார். அங்கு ஒலின் வில்சனுடன் இணைந்து, விண்மீன் நிறமாலையில் கால்சியத்தின் கே கோட்டில் தோன்றும் உமிழ்வின் அகலத்திற்கும் அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டறிந்தார். 1957இல் வெளியான இம்முடிவைக் கொண்டு ஒரு விண்மீன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை மதிப்பிட இயலும்.

இந்தியா திரும்புதல்

1953இல் இந்தியா திரும்பிய பாப்பு, உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்தை நைனிதாலில் நிலைபெறச் செய்தார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1899இல் தொடங்கப்பட்ட அவ்வாய்வகம் சூரிய ஆய்வுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் முகில் மிகுந்த அம்மலை இரவு நோக்கலுக்கு ஏற்றதன்று. எனவே பாப்பு வேறு இடம் தேடினார்.

தேடலின் முடிவில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் (இன்றைய திருப்பத்தூர் மாவட்டம்) தெரிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், நகர விளக்குகளுக்கு அப்பால், காட்டிற்கு நடுவே அமைந்த இடம் இது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால், வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம். வட நாடுகளின் பெரிய வானாய்வகங்களுக்கு இவ்வசதி இல்லை.

1968இல் இங்கு நோக்கல் பணி தொடங்கியபோது இருந்தது 38 செ.மீ. விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி மட்டுமே. அதுவும் வாங்கப்பட்டதன்று, நிறுவனத்தாரே உருவாக்கியது. 1972இல் கிழக்கு செருமனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வைக் காவலூரில் பதிவு செய்தபோது, அக்கோளைச் சுற்றியுள்ள வளையங்களால் ஏற்பட்ட ஒளிக்குறைவு அதில் புலப்பட்டது. இதற்கிடையே 1971இல் கொடைக்கானல் நிறுவனம், இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் பெயரில் தன்னாட்சி பெற்றது. அதன் இயக்குநராகப் பாப்பு தொடர்ந்தார். பின்னர் அதன் தலைமையிடம் பெங்களூருக்கு மாறியது.

ஆடி தேய்க்கும் பணி

பாப்புவின் திட்டங்களுள் மிகத் துணிச்சலானது 2.34 மீட்டர் தொலைநோக்கியாகும். ஒரு மீட்டர் கருவியையே வெளிநாட்டிலிருந்து பெற்ற நாட்டில், அதைவிட இருமடங்கிற்கும் மேல் அகலமான ஆடியை உள்நாட்டிலேயே வடிவமைப்பது எளிய முடிவன்று. வெப்பத்தால் ஏறத்தாழ விரிவடையாத 'சீரோடூர்' கண்ணாடி வட்டு செருமனியிலிருந்து தருவிக்கப்பட்டது. அதைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் நடைபெற்றது.

தொலைநோக்கி ஆடியின் முகம் சிறிது சிறிதாகக் குழிக்கப்படுகிறது. கண்ணாடிக்கும் தேய்ப்புத் தட்டுக்கும் இடையே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டுத் தேய்ப்பர். முதலில் பருந்தூள், பின்னர் படிப்படியாக நுண்தூள். ஒவ்வொரு கட்டத்திற்கும் முன் எல்லாவற்றையும் முற்றிலும் கழுவ வேண்டும். நுண்தூள் கட்டத்தில் ஒரேயொரு பருந்துகள் தங்கிவிட்டால் அது கீறல் போட்டுவிடும். முந்தைய கட்டத்திற்கே திரும்ப நேரும். இறுதியில் கீல் பூசிய தட்டினால் மெருகேற்றிப் பரவளைய வடிவம் தரப்படும்.

வீட்டுப் பட்டறையில் மழுங்கிய டிரில் பிட்டைச் சாணை பிடிப்பவர், முனைக் கோணம் 118 பாகை உள்ளதா என்பதை ஒரு தகட்டு அளவியை வைத்தே சரிபார்த்துவிடலாம். இரு வெட்டுமுனைகளும் சமமாக இருந்தால் போதும். ஆடியிலோ பிழை ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதைக் காட்டவல்ல அளவுகோல் ஒளி மட்டுமே. ஆடி குவிக்கும் ஒளியின் குறுக்கே ஒரு கத்திமுனையை நகர்த்தி, முகத்தில் தோன்றும் நிழலைக் கொண்டு மேடு பள்ளங்களைக் கண்டறிவது பழைய முறைகளுள் ஒன்று. தேய்த்தல், சோதித்தல், மீண்டும் தேய்த்தல் என இப்பணி ஆண்டுக்கணக்கில் நீளும். மிகுதியாகத் தேய்ந்த இடத்தில் கண்ணாடியை மீண்டும் சேர்க்க இயலாது. அதைச் சரிசெய்ய முகம் முழுவதையும் அந்த ஆழத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

மறைவும் அதன் பின்னும்

பாப்புவுக்கு 1970இல் பட்நாகர் விருதும் 1981இல் பத்மபூசண் விருதும் வழங்கப்பட்டன. 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1982 ஆகஸ்டில் அவ்வொன்றியத்தின் பொதுச்சபை கிரேக்கத்தில் கூடியிருந்தபோது, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மியூனிக் நகரில் காலமானார். தொலைநோக்கி அப்போது முடிவுற்றிருக்கவில்லை.

எஞ்சிய பணியை உடனிருந்தோர் தொடர்ந்து 1985இல் முடித்தனர். 1986 சனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வானாய்வகத்திற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். சிறுகோள் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

2016இல் நைனிதாலுக்கு அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி தொடங்கப்படும் வரை, காவலூர்த் தொலைநோக்கியே இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கியாக இருந்தது. தேவஸ்தல் கருவியை இயக்குவது பாப்பு முன்னர் பணியாற்றிய நைனிதால் ஆய்வகத்தின் வழிவந்த நிறுவனமே. ஆனால் அக்கருவியைக் கட்டித் தந்தது பெல்ஜிய நிறுவனம் ஒன்றாகும்.